12 அடி தள்ளி ஒரு முயல்: பீட்டரின் பயம் கரைந்த விதம்

பீட்டருக்கு அப்போது 2 வயது 10 மாதம். கம்பி அடைத்த குழந்தைக் கட்டிலுக்குள் உட்கார்ந்து பொம்மைகளில் மூழ்கியிருந்தான். பின்பக்கமாக ஒரு வெள்ளை எலியை உள்ளே விட்டார்கள். கண்ணில் பட்டதுமே வீறிட்டு மல்லாக்க விழுந்தான். எலியை எடுத்துவிட்டு, அவனைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதே கட்டிலில் இன்னொரு சிறுமியை இறக்கி, அதே எலியை விட்டார்கள். அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். பீட்டர் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மணிச்சரம் கட்டிலிலேயே கிடந்தது. எலி அதன்மேல் உரசும்போதெல்லாம் "என் மணி" என்று சிணுங்கினான். அந்தச் சிறுமி தொட்டால் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வரச் சொன்னால் தலையாட்டி மறுத்தான். பழையபடி ஓடியாடி விளையாட அவனுக்கு 25 நிமிடம் ஆயிற்று.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் வெளியிட்ட சிறிய ஆய்வறிக்கை இப்படித்தான் தொடங்குகிறது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. பயத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான். வீரக் கதைகளில் பயம் ஒரே பாய்ச்சலில் போய்விடும். பீட்டரின் பயம் அடிக்கணக்கில் போயிற்று. நடுவில் ஒருமுறை முழுக்கத் திரும்பியும் வந்தது. நம்மில் பெரும்பாலோருடைய பயமும் அப்படித்தான் போகிறது.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு 11 மாதக் குழந்தையை வைத்துச் செய்த சோதனை 1920இல் வெளியானது. குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும் நேரத்தில், அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவையிலேயே, சத்தம் இல்லாமல் எலியைப் பார்த்தாலே அழத் தொடங்கியது. ஆல்பர்ட் என்று அறிக்கையில் அழைக்கப்படும் அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது. ஒரு குழந்தைக்குள் பயத்தைப் போட்டுவிட்டு, எடுக்காமல் கைகழுவிய வேலை அது.

ரேனர், ஜோன்ஸுக்குக் கல்லூரித் தோழி. வாட்சனின் உரையை நியூயார்க்கில் கேட்ட ஜோன்ஸின் மனதில் எழுந்தது எதிர்க்கேள்வி. பயத்தை இப்படிக் கற்பிக்க முடியுமானால், இதே வழியில் கரைக்கவும் முடியுமா? அந்தக் கேள்வியோடுதான் அவர் குழந்தைகளைத் தற்காலிகமாகப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்குள் போனார். ஆலோசனை சொன்னவர் வாட்சனே. ஆனால் பீட்டரின் பயம் யாரும் பரிசோதனைக் கூடத்தில் உண்டாக்கியதல்ல. எங்கோ, எப்படியோ, வீட்டிலோ தெருவிலோ அவனுக்குள் புகுந்தது. நம்முடைய பயங்களும் அப்படித்தானே. எப்போது வந்தது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

பயத்தின் எல்லைக்கோடு

பீட்டர் எலியைக் கண்டு வீறிட்ட மறுநாள் ஜோன்ஸ் ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பார்த்தார். மயிர்த்தோல் விரிப்பைக் கட்டிலின் மேல் தொங்கவிட்டபோது, எடுக்கும்வரை அழுதான். மயிர்த்தோல் கோட்டுக்கும் அதே அழுகை. பஞ்சுக்குப் பின்வாங்கினான். இறகு செருகிய தொப்பிக்கும் அழுதான். ஆனால் வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டபோது எடுத்து வைத்துக்கொண்டான். மரப்பாச்சிக்கு ஒன்றுமில்லை. முரட்டுத் துணியில் தைத்த வெள்ளை முயல் பொம்மைக்கும் ஒன்றுமில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். பீட்டரின் விஷயத்தில் அது பாதி உண்மை. எலியைப் பார்த்த பயம் பஞ்சுவரை பரவியிருந்தது. ஆனால் வெள்ளையாக இருந்ததெல்லாம் பேயாகிவிடவில்லை. புசுபுசுவென்று மயிர் இருந்தால் பயம். வழவழவென்றோ சொரசொரவென்றோ இருந்தால் இல்லை. பயத்துக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. இந்த வேலையில் பலரும் தாண்டிப் போகும் இடம் இது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். "எனக்கு எல்லாமே பயம்" என்று சொல்பவரிடம் பொறுமையாகக் கேட்டால், அது எல்லாம் அல்ல என்பது தெரியவரும். மேடைப் பயம் என்பவர் பத்துப் பேரிடம் தாராளமாகப் பேசுவார். ஒலிபெருக்கியில் தன் குரலே திரும்பிக் கேட்கும்போதுதான் நடுங்குவார். பயம் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான், எந்த இடத்தில் காலை ஊன்றித் தொடங்கலாம் என்று தெரியும்.

எலியைவிட முயலுக்குத்தான் பீட்டர் அதிகம் பயந்தான். அதனால் ஜோன்ஸ் முயலையே எடுத்துக்கொண்டார்.

உதவாதவை

அதே ஆண்டு ஜோன்ஸ் இன்னொரு கட்டுரையும் எழுதினார். 3 மாதம் முதல் 7 வயதுவரை சுமார் 70 குழந்தைகளைப் பார்த்து, பயத்தைப் போக்க வழக்கமாக மக்கள் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்த கட்டுரை அது. அதில் இருப்பவை நம் வீடுகளில் நாம் செய்பவையேதான்.

"நாளானால் தானாகப் போய்விடும்" என்று விட்டுப் பார்த்தார். முயலைக் கண்டு அழுத 21 மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் அதைக் காட்டவே இல்லை. மறுபடி காட்டியதும் அதே அழுகை. எடுத்துச் சொல்லிப் பார்த்தார். சிறுமி ஒருத்தியிடம் ஒரு வாரம் தினமும் முயல் கதையும் முயல் படமுமாகப் பேசினார்கள். அவளும் ஆசையாகப் பேசினாள். உயிருள்ள முயல் வந்ததும் பயம் அப்படியே இருந்தது.

கேலி என்ன செய்யும் என்பதற்கு ஒரு 4 வயதுப் பையன். தனியாகத் தவளைத் தொட்டியைப் பார்த்தபோது "கடிக்கும்" என்று அழுது ஓடியவன், மற்ற நான்கு பையன்களோடு வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் முந்திப் போய் நின்றான். ஒருவன் தவளையைக் கையில் எடுத்து இவன் பக்கம் திரும்பியதும் அலறிக்கொண்டு ஓடினான். மற்றவர்கள் துரத்திக் கேலி செய்தார்கள். பயம் ஒரு துளியும் குறையவில்லை. "பயந்தாங்கொள்ளி" என்று ஊரெல்லாம் கூப்பிட்டு யாருக்காவது பயம் தெளிந்திருக்கிறதா? பயத்தை மறைக்கத்தான் அந்தச் சொல் கற்றுக்கொடுக்கிறது. மறைத்த பயத்துக்கு உதவி கேட்கவும் முடியாது.

இன்னொரு குழந்தையின் விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அவனுக்கு முயல் பயமே இல்லை. முகத்துக்கு நேரே கொண்டுவந்தாலும் சிரித்துக்கொண்டு கையை நீட்டுவான். அதே நாளில், முயலைக் கண்டு அழும் ஒரு சிறுமியோடு அவனை உட்கார வைத்தார்கள். அவள் அழுததைப் பார்த்து அவனும் பயந்தான். வேறு சமயங்களில் அவள் அழுகையைக் கண்டுகொள்ளாதவன் அவன். ஒரே ஒருமுறை அவளிடமிருந்து தொற்றிய அந்தப் பயம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது.

தெளிவாகப் பலன் தந்தவை இரண்டே என்று ஜோன்ஸ் முடிவுக்கு வந்தார். ஒன்று, பயப்படாத குழந்தைகளின் துணை. மற்றது, பயப்படும் பொருளைப் பிடித்த தின்பண்டத்தோடு சேர்த்துக் காட்டுவது. பீட்டருக்கு இரண்டும் கிடைத்தன.

A முதல் Q வரை

முயலுக்குப் பயப்படாத மூன்று குழந்தைகளோடு பீட்டரைத் தினமும் விளையாட விட்டார்கள். விளையாட்டு நேரத்தில் கொஞ்ச நேரம் முயலும் அறையில் இருக்கும். அவ்வப்போது அவனைத் தனியாகவும் சோதித்தார்கள். அவன் தாண்டிய படிகளை A முதல் Q வரை 17 ஆக ஜோன்ஸ் குறித்திருக்கிறார்.

முதல் படியில், கூண்டில் அடைத்த முயல் அறையில் எங்கிருந்தாலும் பயம். அடுத்து 12 அடி தள்ளி இருந்தால் பொறுத்துக்கொண்டான். பிறகு 4 அடி. பிறகு 3 அடி. பிறகு பக்கத்திலேயே கூண்டு. அதன்பின் கூண்டில்லாமல் அறையில் உலவும் முயல். ஜோன்ஸ் பிடித்திருக்க அவன் தொடுவது. யாரும் பிடிக்காமலே தொடுவது.

ஒன்பதாவது படியில் முயலின் மேல் துப்பினான், கையில் கிடைத்ததை எறிந்தான், அதைப் போலச் செய்துகாட்டினான். ஜோன்ஸ் இதைக் குறும்பாகவோ பின்னடைவாகவோ எழுதவில்லை, முன்னேற்றமாக எழுதியிருக்கிறார். அதுவரை ஓட மட்டுமே தெரிந்த ஒருவன் முதன்முறையாக எதிர்த்து நிற்கிறான் அல்லவா? பயந்து கிடந்த பிள்ளை ஒருநாள் வாய்க்கு வாய் பேசினால் நாம் திட்டித்தான் அடக்குவோம். அது ஏறிவந்த ஒரு படியாக இருக்கலாம் என்பதை ஜோன்ஸின் அட்டவணையைப் பார்த்துத்தான் நான் கற்றேன்.

எனக்கும் ஒரு படிக்கட்டுக் கதை உண்டு. எங்கள் ஊரில் நீச்சல் பழகுவது என்றால் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தூக்கிப் போடுவதுதான். பலர் அப்படித்தான் பழகினார்கள். நான் பழகவில்லை, அந்த ஒரு நாளுக்குப் பிறகு கிணற்று மேட்டுக்கே போகமாட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டுமா? இரண்டு கோடை கழித்துச் சித்தப்பா ஒருவர் என்னை மேல்படியில் உட்கார வைத்து, "இன்னைக்கு இங்க வரைக்கும் போதும் கண்ணு, கடலை தின்னு" என்றார். மறுநாள் ஒரு படி கீழே. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறுவதற்குள் கோடை முடிந்துவிட்டது. அடுத்த கோடையில் நீந்தினேன். அவர் ஜோன்ஸின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

நாய் குறுக்கே வந்த நாள்

மற்றவர்களைப் பார்த்து, பீட்டர் முயலின் முதுகைத் தானாகவே தட்டிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டான். அந்த நேரத்தில் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் வந்தது. மருத்துவமனைக்குப் போனவன் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் நாளில், செவிலியோடு அவன் டாக்ஸியில் ஏறும் நேரம் பார்த்து, ஓடிவந்த ஒரு பெரிய நாய் அவர்கள்மேல் பாய்ந்தது. செவிலியும் வெலவெலத்துப் போனார். பீட்டர் வெளுத்துப்போய்ப் பேச்சில்லாமல் டாக்ஸியில் சாய்ந்து கிடந்தான். திரும்ப மருத்துவமனைக்கே கொண்டுபோகலாமா என்று யோசிக்கும் அளவுக்கு இருந்தது அவன் நிலை. அடுத்தமுறை முயலைப் பார்த்தபோது, பயம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது.

ஜோன்ஸ் இதற்குக் காரணங்களைத் தேடினார். உடல் தேறாத குழந்தை, பழக்கமில்லாத இடம், மேலே பாயும் நாய். இவற்றோடு, காப்பாற்ற வேண்டிய பெரியவரின் முகத்திலும் பயம். இந்தக் கடைசிக் காரணத்தை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் நாயைப் பார்க்கும் முன் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

திரும்பி வந்த பயத்தைப் பார்த்ததும் "எல்லாம் வீணாயிற்று" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இன்றைய அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. அடங்கிய ஓர் எதிர்வினை, இடைவெளி விட்டதும் தானாகத் தலைதூக்கும் என்பதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் தன் நாய்களிடமே பார்த்திருந்தார். பயத்தை நாம் மூளையிலிருந்து அழிப்பதில்லை. "இது ஆபத்து" என்ற பழைய பாடத்தின் பக்கத்தில், "இதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய பாடத்தை எழுதுகிறோம். நோயும் தூக்கமின்மையும் புது இடமும் புது அதிர்ச்சியும் சேர்ந்தால் பழையது மேலே வரும். புதியது அதனால் அழிந்துபோவதில்லை.

உயர்ந்த நாற்காலியும் மிட்டாயும்

இரண்டாவது கட்டத்தில் ஜோன்ஸ் வழியை மாற்றினார். பீட்டரை உயரமான குழந்தை நாற்காலியில் உட்கார வைத்துப் பிடித்த தின்பண்டம் கொடுத்தார். அவன் தின்னும்போது, கம்பிக் கூண்டில் முயலைக் கொண்டுவந்தார். எவ்வளவு கிட்டே என்பதற்கு ஒரே அளவுகோல்: அவன் தின்பதை நிறுத்தக் கூடாது.

இந்த அளவுகோலின் அழகை எத்தனை சொன்னாலும் தகும். தூரத்தைத் தீர்மானித்தது பெரியவர் அல்ல, அந்தக் குழந்தையின் வாய். இதில் அவசரப்பட்டால் நேர்மாறாகவும் ஆகிவிடும் என்று ஜோன்ஸ் எச்சரித்திருக்கிறார். முயல்மேல் பிரியம் வருவதற்குப் பதில் சாப்பாட்டின் மேல் பயம் வந்துவிடும்.

ஒருநாள் பீட்டரும் இன்னொரு சிறுவனும் அடுத்தடுத்து உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். 12 அடி தள்ளிக் கூண்டை வைத்ததும் பீட்டர் அழத் தொடங்கினான். மற்றவன் "ஓ, முயல்!" என்று இறங்கி ஓடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். பீட்டர் பின்னாலேயே போய் நின்று பார்த்தான். இன்னொரு நாள் முயலோடு ஜோன்ஸ் எதிரே உட்கார்ந்தபோது, "எனக்கு வேண்டாம்" என்று பின்வாங்கினான். முயலைப் பக்கத்துச் சிறுவனிடம் கொடுத்ததும், தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கி ஒரு கணம் மடியில் வைத்திருந்தான்.

அந்த இல்லத்துக்கு வந்துபோன ஓர் உதவியாளர்மேல் பீட்டருக்குத் தனிப் பிரியம். "அப்பா" என்றே அவரைச் சொல்லுவான். முயலைத் தொடு என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அவர் அறையில் இருந்த நாட்களில் பீட்டர் கூடுதலாகத் துணிந்தான். அவர் இருப்பதே அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கலாம் என்கிறார் ஜோன்ஸ்.

சறுக்கலும் உண்டு. முயலைக் கூண்டுக்குக் கொண்டுபோக உதவியபோது லேசாக நகம் கீறிவிட்டது. ஜோன்ஸின் வரைபடத்தில் அவன் ஏறிய கோடு கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது. கடைசியில் முயலோடு தனியாக அறையில் இருந்தான், ஆசையாகத் தடவினான், தன் விரல்களை அது கொறிக்க விட்டான்.

குறைகள்

ஒரே ஒரு குழந்தையின் கதை இது. துணையா, தின்பண்டமா, காலமா, எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வேண்டுமென்றே எலியை விட்டு ஒரு சிறுவனை அலற வைத்த அந்த முதல் நாளை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதிக்காது. ஆனாலும் இந்த வழி நிலைத்தது. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளும் சிகிச்சையைப் பெரியவர்களுக்கு வகுத்தார். நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று ஜோன்ஸைச் சொன்னவரும் அவர்தான். 1987இல் மறைந்த ஜோன்ஸ், முதுமையில் பழைய வேலையைத் திரும்பிப் பார்த்தபோது, ஒரு 3 வயதுப் பிள்ளையின் பயத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்துக் குணப்படுத்துவதில் இப்போது தமக்குத் திருப்தி இருக்காது, முழு மனிதனாக அவனைப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார்.

பயமே இல்லாவிட்டால் நல்லதா என்றும் சிலர் கேட்பார்கள். மூளையில் அமிக்டலா என்ற பகுதி இரு பக்கமும் சிதைந்துபோன ஒரு பெண்ணை அமெரிக்காவின் அயோவாவில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரு பூங்காவில் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டப்பட்டவர், மறுநாளும் அதே பூங்கா வழியாக நடந்து போனார். அது துணிச்சல் அல்ல. காவல்காரன் இல்லாத வீடு.

நாய்ப் பயம் உள்ள ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றினால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை; தெரியாத தெருநாயிடமிருந்து விலகி நிற்பது பிள்ளை கற்க வேண்டிய பாடமேதான். பழகுவதற்குத் தடுப்பூசி போட்ட, சங்கிலியில் கட்டிய, சாதுவான ஒரு நாய் போதும். மொட்டைமாடியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம், கையில் முறுக்கோடு. முறுக்குத் தின்பது நின்றால் அன்றைக்கு அது ரொம்பக் கிட்டே. "அது ஒண்ணும் பண்ணாது, போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். விபத்துக்குப் பிறகு வண்டி ஓட்டப் பயப்படும் பெரியவருக்கும் இதே கணக்குதான்: நிறுத்திய வண்டியில் உட்காருவது, பின்னால் உட்கார்ந்து தெருமுனை வரை போவது, விடியற்காலையில் காலித் தெருவில் தானே ஓட்டுவது. பயம் தூக்கத்தையும் படிப்பையும் வேலையையும் தின்னத் தொடங்கினால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

திரும்பிப் போன வீடு

பீட்டர் வீட்டுக்குத் திரும்பினான். அந்த வீட்டைப் பற்றி ஜோன்ஸ் எழுதியிருப்பது நெஞ்சைப் பிசைகிறது. தந்தையின் வாரச் சம்பளம் 25 டாலர். தாயோ எவ்வளவு சிறிய பேச்சானாலும் கண்ணீர் விடாமல் முடிக்க முடியாதவர். மகனை அடக்க அவருக்குத் தெரிந்த வழி பயமுறுத்துவது: "உள்ளே வா பீட்டர், யாரோ உன்னைத் திருடிப் போக வருகிறார்கள்."

அந்திசாயும் நேரத்தில் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்றும் பூச்சாண்டி வருகிறான் என்றும் நம் திண்ணைகளிலிருந்து கேட்ட குரல்தான் இது. அந்தத் தாயை என்னால் குறைசொல்ல முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 12 அடியிலிருந்து தொடங்கித்தர யாருமில்லை.

கடைசிச் சந்திப்பில் பஞ்சுக்கும் கோட்டுக்கும் இறகுக்கும் பயம் அறவே இல்லை. தொட்டுப் பார்த்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். எலிகள்மேல் பிரியம் வரவில்லை. ஆனால் எலியோ தவளையோ இருந்த தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். அதன்பின் அவன் அதுவரை பார்த்திராத ஒன்றை முன்னால் வைத்தார்கள்: சிக்கலாகப் பின்னிக் கிடந்த ஒரு குவியல் மண்புழு. முதலில் கொஞ்சம் கலங்கினான். விலகிப் போனான். அந்தச் சந்திப்பு முடிவதற்குள், அவற்றைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தான்.